கையைத் தூக்கினால் நிறுத்துகிறவர்

எண்பத்து மூன்றாம் ஆண்டு, வைகாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு என் மகளின் வாய் பூட்டிக்கொண்டது. அப்போது நான் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் நிமிடம்கூட மறக்கவில்லை. வெளியே பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் சத்தம். அவள் ரொட்டியை ஒரு கடி கடித்தாள். காதுக்கு முன்னால் ‘டக்’ என்று ஒன்று தட்டியது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. அதன்பிறகு அவள் மெல்லவுமில்லை, துப்பவுமில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னா புள்ள?” என்றாள் என் மனைவி.

மகள் வாயைத் திறக்கப் பார்த்தாள். பல் வரிசைகளுக்கு நடுவில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளிதான் தெரிந்தது. கண்ணில் நீர் திரண்டது. சத்தம் வரவில்லை. அவள் எப்போதும் சத்தம் போடாத பிள்ளை. அதை நாங்கள் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏழு மணிக்குள் எங்கள் வரிசை வீடுகளில், அந்த லயத்தில், பாதிப் பேர் எங்கள் வாசலில் நின்றார்கள். ஆணி குத்தி ஏற்பு வந்து தாடை இறுகியிருக்கும் என்றார் ஒருவர். மேல்மலையில் தனியாக வந்திருப்பாள், முனி அடித்திருக்கும் என்றாள் ஒருத்தி. நான் அவளைத் தோட்டத்து மருந்துக்காரரிடம் கூட்டிப் போனேன்.

“என்ன நடந்துச்சு?” என்று அவர் மகளைப் பார்த்துத்தான் கேட்டார்.

“கொட்டாவி விட்டாளுங்க. அப்படியே பூட்டிக்கிச்சு” என்றேன் நான்.

அவள் கொட்டாவி விடவேயில்லை. பெரியவர்கள் கேட்ட கேள்வியைப் பதிலில்லாமல் விடக்கூடாது என்பது என் பழக்கம். நான் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியன்.

மருந்துக்காரர் ஒரு கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றினார். “மாஸ்டர், தலைய நல்லா அமுக்கிப் புடிங்க.” நான் பிடித்தேன். காம்பு பற்களுக்கிடையில் போனபோது அவளுடைய இடது கை மேலே எழுந்தது. நான் அதைப் பிடித்துக் கீழே இறக்கி என் முழங்காலால் அழுத்திக்கொண்டேன். “கொஞ்சம் பொறுத்துக்கம்மா.” ஈறு கிழிந்து ரத்தம் வந்ததே தவிர வாய் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த டொக்டரின் நினைவு வந்தது.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று தெரியாத ஒருவரின் பெயரைக் காகிதத்தில் எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை. பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் பல் வைத்தியம் பார்த்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். அதற்கு முன் அரசாங்க வேலையில் இருந்தவர். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பெயர் சொல்லிக் கேட்டால் பலருக்கு அவரைத் தெரியாது. ‘கையத் தூக்குனா நிப்பாட்டுற டொக்டர்’ என்றால் பூனாகலையில் நிற்கிறவன்கூட வழி சொல்வான்.

குள்ளமான மனிதர். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்திருப்பார். நோயாளி நாற்காலியில் சாய்ந்ததும் மேசை மணிக்கூட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியின் முகத்துக்குக் கீழே தன் முகம் இருக்கிற மாதிரி உட்காருவார். ஆயுதத்தைக் கையில் எடுக்க மாட்டார். “சொல்லுங்கோ” என்பார். கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கும் ‘நீங்கள்’தான், ஆறு வயதுப் பிள்ளைக்கும் ‘நீங்கள்’தான். கேட்டு முடித்த பிறகு, “எனக்கு விளங்கினது இப்பிடி. பிழையெண்டால் திருத்துங்கோ” என்று கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்வார். கடைசியில்தான் அந்த வார்த்தை வரும்: “இடது கையைத் தூக்கினால் நான் நிப்பாட்டுவன். ஏன் தூக்கினனீங்கள் எண்டு கேக்க மாட்டன். முதல்ல நிப்பாட்டுவன்.”

ஒருமுறை நான் காத்திருப்பவர்களுக்கான வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் தோட்டத்துக் கிழவர் ஒருவர் உள்ளே இருந்தார். கடைவாய்ப் பல் பிடுங்க வந்தவர். கையைத் தூக்கினார், டொக்டர் நிறுத்தினார். மறுபடி தூக்கினார். மறுபடி நிறுத்தினார். எட்டுத் தரம்.

“அய்யா, நெசமாவே நிப்பாட்டுறீங்களே!” என்றார் கிழவர்.

“இன்னும் சோதிக்க வேணுமெண்டால் சோதியுங்கோ. எனக்கு அவசரமில்லை.”

“வேணாமுங்க சாமி. பல்ல விட இப்ப கையிதான் வலிக்குது. புடுங்கிருங்க.”

வாங்கில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அவரிடம் ஒரு பயம் இருந்தது. அது அறுபத்தாறில் தொடங்கிய பயம்.

தோட்டத்து ஆட்கள் பட்டணத்துக்கு மருந்தெடுக்கப் போனால் பேசுவதற்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த ஆள் நான். எனக்குச் சிங்களம் வரும், கொஞ்சம் இங்கிலீசும் வரும். சட்டைப்பையில் பேனா இருக்கும். நோயாளி என் பின்னால் நிற்பார். வருத்தத்தை நான் சொல்வேன். மருந்து குடிக்கும் முறையை நான் கேட்டுக்கொள்வேன். அதில் எனக்கு மிகுந்த மரியாதை கிடைத்தது.

அறுபத்தாறில், அவர் அரசாங்க வேலையில் இருந்த காலத்தில், தாடை வீங்கிய ஒரு பெண்ணை அவரிடம் கூட்டிப் போனேன். “மூணு நாளா வலிங்க. ஸ்டோர் படியில விழுந்துட்டா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “மாஸ்டருக்கோ பல்லுக்கொதி?”

“இல்லைங்க. இவளுக்கு.”

“அப்ப நீங்கள் ஏன் சொல்லுறியள்?”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவளைப் பார்த்தபடி முக்காலியில் இருந்தார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒரு பாடம் நடத்தி முடிக்கும் நேரம் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில், “படியில விழலைங்க. அடிச்சாங்க” என்றாள்.

அடித்தவர் கங்காணி. அவளை என்னோடு அனுப்பி வைத்தவரும் அவர்தான். படியில் விழுந்தாள் என்று என்னிடம் சொன்னவரும் அவர்தான். அந்தப் பொய்யை நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பத்து மைல் சுமந்து வந்திருந்தேன்.

டொக்டர் பேனாவை எடுத்தார். “இதை நான் எழுதலாமோ?” என்று அவளைக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. எழுதியிருக்க வேண்டாமா என்று வாசலில் வைத்துக் கேட்டேன்.

“திரும்பிப் போய் அந்த லயத்தில இருக்கப் போறது நீங்களோ, அவவோ?” என்றார் அவர்.

அன்றிலிருந்து அவர் முன்னால் நிற்கும்போதெல்லாம் என் சட்டைப்பையில் ஏதோ திருட்டுச் சாமான் இருப்பது போல இருக்கும்.

பதினேழு வருடங்கள் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு அதே டொக்டருக்கு முன்னால் போய் நின்றேன். கீழே புடவைக் கடை முதலாளி, “மாஸ்டர், வேலைய முடிச்சிட்டு நேரத்தோட பஸ்ஸப் புடிச்சிருங்க. ஊரு பேச்சு ஒண்ணும் நல்லால்ல” என்றார். அந்த மாதங்களில் யாரைப் பார்த்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்கள். மேல்மாடியில் டொக்டர் எனக்கு ஒரு கதிரையைக் காட்டினார். அது மகளுடைய கண்ணில் படாத மூலையில் இருந்தது.

“அங்க இருங்கோ. கதைச்சியள் எண்டால் வெளியில விட்டுவிடுவன்.”

“கொட்டாவி விட்டப்ப...”

“மாஸ்டர்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். மகளால் சரியாகப் பேச முடியவில்லை. பற்களுக்கு நடுவால் ஒவ்வொரு சொல்லாகக் கசிந்தது. அவர் காத்திருந்தார். கொட்டாவி இல்லை, ரொட்டி என்றாள். காலையில் எழும்போதே தாடை களைத்திருக்கும் என்றாள். பல மாதங்களாக டக் டக் என்று சத்தம் கேட்கிறது என்றாள். இவை எதுவும் எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்தேன்.

“எனக்கு விளங்கினது இப்பிடி” என்று அவர் தொடங்கி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். அவள் ஓரிடத்தில் திருத்தினாள். அவர் நன்றி சொன்னார். பிறகு அவளுடைய காதுக்கு முன்னால் தன் இரண்டு விரல்களை வைக்கப் போனார். வைக்கவில்லை. பாதியில் நிறுத்தினார். அவளுடைய இடது கை எழுந்திருந்தது.

அவர் விரல்களை மடக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது என் மகள் அழுதாள். எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. தோள் குலுங்கியது. வலிக்கவில்லையே, இன்னும் தொடவேயில்லையே, ஏன் அழுகிறாள் என்று நினைத்தேன். எழுந்து போகப் பார்த்தேன். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன்.

அவருடைய வைத்தியத்தில் மந்திரம் ஒன்றுமில்லை. “தாடை எலும்பின்ட குமிழுக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவில மெல்லிய சில்லு ஒண்டு இருக்குது. கதவுப் பிணைச்சலுக்க துணி சிக்கின மாதிரி அது முன்னுக்கு வழுக்கி நிக்குது. கரண்டிக் காம்பால கதவை இடிச்சால் துணி கிழியும், கதவு திறக்காது” என்று அவளிடம் விளக்கினார். வெந்நீர்த் துணி ஒத்தடம், கஞ்சி, கண்ணாடிக்கு முன்னால் நின்று மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சி. வாரம் ஒரு தடவை அவர் பெருவிரல்களைக் கீழ்க் கடைவாய்ப் பற்களில் வைத்துத் தாடையைக் கீழ்ப்பக்கம் அழுத்தி முன்னுக்கு இழுப்பார். அவள் கை எழும். அவர் நிறுத்துவார். மறுபடி தொடங்கலாமா என்று கேட்பார்.

“முழுக்கச் சுகம் வருமெண்டு சத்தியம் பண்ண மாட்டன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். “வாய் திறக்கும். நோவு குறையும். அந்தச் சத்தம் நிக்காமலும் போகலாம். பொய் சொல்லி உங்களை அந்தக் கதிரையில இருத்த மாட்டன்.”

அளவு பார்ப்பது விரலால்தான். அவளுடைய சொந்த விரல்களை நிமிர்த்தி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பற்களுக்கு நடுவில் வைக்க வேண்டும். மூன்று விரல் போனால் சாதாரண வாய். முதல் வாரம் ஒரு விரல். மூன்றாம் வாரம் இரண்டு. அன்றைக்கு அவள் பற்களுக்கு அச்செடுத்தார்கள். பிளாஸ்டர் குழைத்துக் கொடுத்தது அவருடைய உதவியாளர். சிங்களவர், வயதானவர், நாங்கள் எல்லோரும் அவரைச் சிங்களத்தில் அண்ணன் என்கிற மாதிரி அய்யே என்று கூப்பிடுவோம். அடுத்த கிழமை மேல்பல்லுக்கு ஒரு தகடு தயாராக இருந்தது. கண்ணாடி போலத் தெளிவு, விரல் நகத்தைப் போல இரண்டு மடங்கு தடிப்பு. இரவில் போட்டுக்கொண்டு படுத்தால் பற்கள் ஒன்றையொன்று நெரிக்காது, தாடைத் தசைக்கு ஓய்வு கிடைக்கும். நீலத் தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்லி, நீலம் அழுத்தமாகப் பட்ட இடத்தை அராவுவார். “இப்ப எப்பிடி?” என்பார். அவள் யோசிப்பாள். “வலது பக்கம் முதல்ல படுது” என்பாள். மறுபடி அராவுவார். அந்தத் தகட்டைச் செய்தது இரண்டு பேரும் சேர்ந்துதான் என்று சொல்ல வேண்டும்.

அதோடு எழுதுவதற்கு ஒரு கொப்பியும் கொடுத்தார். “சாப்பிடேக்கயும் விழுங்கேக்கயும் தவிரப் பல்லுகள் தொடக் கூடாது. உதடு மூடியிருக்கலாம், பல்லு விலகியிருக்க வேணும். பல்லுத் தொட்டுக்கொண்டு இருக்கிறதைக் கண்டால் நேரத்தையும் அப்ப என்ன நடந்தது எண்டதையும் இதில எழுதுங்கோ. இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்.” கடைசிச் சொல்லைச் சொன்னபோது என் மூலையைப் பார்த்தார்.

நான் அதை வாசித்தேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அவள் தண்ணீர்ப் பீலிக்குக் குளிக்கப் போன நேரம். தகப்பனுக்கு உரிமை உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திறந்தேன். சிறிய, நேரான எழுத்து. நான் கற்றுக்கொடுத்த எழுத்து.

‘காலை 6.10. பெரட்டுச் சத்தம்.’

‘பகல் 1. கணக்குப் பாடம்.’

‘மாலை 4. மேல் ரோட்டில் லொறி. அப்பா கதவைச் சாத்தினார்.’

‘மாலை 4.05. அப்பா உஷ் என்றார்.’

‘இரவுச் சாப்பாடு. அப்பாவின் கை முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. சோறு போடத்தான் வந்தது. பல் இறுகியது.’

நான் கொப்பியை மூடிவிட்டு என் வலது கையைப் பார்த்தேன்.

எழுபத்தேழுக் கலவரத்தில், தமிழரை அடிக்கத் தோட்டங்களுக்குள்ளும் ஆட்கள் ஏறி வந்த நாட்களில், ஒரு மாலை நான்கு மணிக்கு நாங்கள் மூவரும் தேயிலைக்கு நடுவிலிருந்த கானுக்குள் இறங்கிப் படுத்தோம். மழைத் தண்ணீர் ஓடுவதற்கு வெட்டிய கான் அது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. பனி மூடியிருந்தது. மேல் ரோட்டில் பொல்லுத் தடிகளோடு ஆட்கள் நடக்கும் சத்தம். அட்டையொன்று அவள் கண்ணிமையில் ஏறியது. அவளுடைய தொண்டையில் ஒரு சத்தம் தொடங்கியது. நான் வாயைப் பொத்தினேன். பெருவிரல் ஒரு கன்னத்தில், மற்ற விரல்கள் மறு கன்னத்தில், என் பலம் முழுவதும். அவள் இடது கையைத் தூக்கினாள். அட்டையைத் தட்டப் போகிறாள், செடி அசையும் என்று நினைத்து அந்தக் கையை முழங்காலால் அழுத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆட்கள் போன பிறகும் நான் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது அவளுடைய உதடு நீலமாக இருந்தது. என் உள்ளங்கையில் ரத்தம். அவளுடைய பல் பதிந்திருந்தது. மூச்சுக்காகத்தான் கையைத் தூக்கியிருக்கிறாள்.

இரண்டு நாள் அவள் பேசவில்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பாராட்டினோம். “கெட்டிக்காரி! ஒரு சத்தம் போட்டுச்சா பாருங்க. இவளாலதான் நாங்க உசுரோட இருக்கோம்” என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் ஆறு வருடம் சொன்னோம். அவளை வைத்துக்கொண்டே சொன்னோம். அவள் உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பாள். உள்ளே பல் எப்படி இருந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை.

அடுத்த புதன்கிழமை தகடு அராவி முடிந்ததும் மகளை முதலாளி கடையில் இருக்கச் சொல்லிவிட்டு நான் மேலே ஏறினேன். டொக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“என்னாலயா அவளுக்கு இப்படி ஆச்சு? உங்ககிட்ட அவ என்ன சொன்னா?”

அவர் நிதானமாகக் கையைத் துடைத்தார். முக்காலியை எனக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்கட கையாலதான் வந்தது எண்டும் சொல்ல மாட்டன், இல்லையெண்டும் சொல்ல மாட்டன். ஒரு மூட்டு ஏன் பூட்டுது எண்டதுக்கு ஒரே காரணம் கிடையாது. இறுக்கிக் கடிக்கிறது ஒண்டு. அந்த இறுக்கம் எங்கயிருந்து வந்தது எண்டது அவவின்ட கதை. அதை நான் சொல்ல மாட்டன்.” சற்று நிறுத்தி, “கொப்பியை வாசிச்சிட்டியள், என்ன?” என்றார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன்.

“வாசிச்சது அவக்குத் தெரியுமோ?”

“தெரியாது. நீங்களே பக்குவமாச் சொல்லிருங்களேன்.”

“மாஸ்டர், இவ்வளவு காலமும் மற்ற ஆக்களுக்காக நீங்கள் கதைச்சியள். இப்ப உங்களுக்காக என்னைக் கதைக்கச் சொல்லுறியள். அந்தப் பிள்ளை ஆறு வருசமாய்...”

அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஏன் நிறுத்தினார் என்று பார்த்தால், என் இடது கை தோளுயரத்துக்கு எழுந்திருந்தது. நான் எழுப்பியதாக எனக்கு நினைவில்லை. அவர் மீதியைச் சொல்லவேயில்லை. அந்தப் பாதி வசனம்தான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. முழுவதையும் சொல்லித் திட்டியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

படியிறங்கும்போது, “வலது பக்கம் இன்னும் கொஞ்சம் உயரம். ரெண்டு கிழமை கழிச்சுப் புதன்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று பின்னாலிருந்து சொன்னார். நான் மகளிடம் அன்றும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை பஸ் ஓடவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு பதுளைப் பக்கத்தில் புகை எழும்பியது. முதலில் ஒரு தூண், பிறகு ஐந்தாறு. மலையின்மேல் நின்று பார்த்தபோது பட்டணம் இருக்கும் பள்ளத்தாக்கு முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது. மூன்றரை மணிக்குத் தோட்டத்து ரோட்டில் லொறிச் சத்தம் கேட்டது. மனைவி தாலியை அவிழ்த்து மடியில் முடிந்தாள். நான் சான்றிதழ்க் கோப்பை எடுத்தேன். மகள் மேசை இழுப்பறையிலிருந்து தகட்டை எடுத்துக் கழுவி வாயில் போட்டுக்கொண்டாள்.

அதே கான். ஆறு வருடத்தில் ஓரங்களில் புல் வளர்ந்திருந்தது. மணி நான்கு. மேல் ரோட்டில் கடை எரிகிற வாசனை. ஆட்கள் எங்கள் தலைக்கு மேலே வந்து நின்றார்கள். ஒருவன் சிரித்தான். ஒருவன் செடிகளுக்குள் கல்லை எறிந்தான். கல் என் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

என் வலது கை தானாகவே அவள் வாயை நோக்கிப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைத்துச் செய்யவில்லை.

அவளுடைய இடது கை எழுந்தது. ஒரு சாண் உயரம்தான். விரல்கள் விரிந்திருந்தன. அசையுமோ என்று செடியைப் பார்த்தேன். மேலே பொல்லுகள் தட்டும் சத்தம் கேட்டது.

நான் நிறுத்தினேன்.

கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதை மண்ணில் வைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் பூட்டிய அன்று மேசையில் பார்த்த அதே பார்வை. அவள் தானாகவே ஒரு சத்தமும் போடாமல் கிடந்தாள். என் கை தேவைப்படவேயில்லை. எழுபத்தேழிலும் தேவைப்பட்டிருக்காதோ என்ற எண்ணம் அப்போது வந்தது. இன்றைக்கும் போகவில்லை.

ஆட்கள் போய் வெகு நேரத்துக்குப் பிறகு அவள் காதில், “உன் கொப்பிய நான் வாசிச்சிட்டேம்மா” என்றேன்.

“தெரியும்ப்பா” என்றாள், தகட்டுக்குப் பின்னாலிருந்து. “தலைகீழா வச்சிருந்தீங்க.”

லயம் தப்பியது. மேல் ரோட்டுக் கடை போனது. பதுளையில் அந்தப் புடவைக் கடையும் அதன் மேல்மாடியும் எரிந்துவிட்டன என்று மூன்றாம் நாள் கேள்விப்பட்டோம். டொக்டர் படிக்கட்டிலேயே போய்விட்டார் என்றார் ஒருவர். முகாமில் கண்டேன், தலையில் கட்டுப் போட்டிருந்தார் என்றார் இன்னொருவர். முதலாளி தன் வீட்டில் மறைத்து வைத்திருந்தார் என்றும் ஒரு பேச்சு. எதை நம்புவது என்று தெரியவில்லை. மகள் தினமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து மூடினாள். இரண்டரை விரல். வலது பக்கம் இன்னும் முதலில் பட்டது. சோறு மெல்லும்போது அந்த டக் சத்தம் மறுபடி தொடங்கியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் மனைவி என்னைப் பார்ப்பாள். இன்னொரு தடவை பூட்டிக்கொண்டால் எங்கே போவது என்பதுதான் அந்தப் பார்வை.

பிறகு நான் வடக்கே இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் அதற்கு முன், புகை எழும்பிய பத்தொன்பதாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, எங்கள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். நமுனுகுல ரோட்டிலிருந்து நடந்தே ஏறியிருக்கிறார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பால்மாத் தகரம். அய்யே.

“டொக்டர் எங்க? இருக்காரா?” என்று நான் ஓடினேன்.

“கேம்ப்ல இருந்தாரு. வடக்க போற கப்பலுக்குன்னு லொறியில ஏத்தினாங்க. அப்புறம் தெரியாது மாஸ்டர்.” அவர் மூச்சு வாங்கினார். தகரத்தை வாங்க நான் கையை நீட்டினேன். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “இது புள்ளகிட்டதான் குடுக்கணும். அப்பாகிட்ட வேணாம்னு சொன்னாரு. மன்னிக்கணும்.”

மகள் வெளியே வந்தாள். அய்யே தகரத்தைத் திறந்தார். ஒரு பக்கம் புகையில் கறுத்த அவளுடைய பல்லச்சு. அதன் கீழே மடித்த நீலத் தாள்கள், ஒரு சின்ன அரம்.

“வலது பக்கம் உசரம்னு சொன்னாரு. எவ்வளவு எடுக்கணும்னு எனக்குக் காட்டித் தந்தாரு. புள்ள சரின்னு சொன்னா மட்டும் எடுக்கச் சொன்னாரு.” அவர் சுற்றுமுற்றும் பார்த்து, வாசற்படியில் அவளுக்குக் கீழே உட்கார்ந்தார். “இன்னொரு வெசயமும் கேட்டுட்டு வரச் சொன்னாரு. தனியாக் கேக்கச் சொன்னாரு.”

மகள் என்னைப் பார்த்தாள். மனைவியைப் பார்த்தாள்.

“இங்கயே கேளுங்க அய்யே” என்றாள்.

“கையத் தூக்கினா வீட்டுல இப்ப நிப்பாட்டுறாங்களா?”

நான் வாயைத் திறந்தேன். அய்யே என் பக்கம் திரும்பவேயில்லை. உள்ளங்கையை மட்டும் காட்டினார்.

“மாஸ்டர் சொல்ல வேணாம். புள்ள சொல்லட்டும்.”